பீங்கான் பட்டறைக்கு ஒரு குழாய்

விருத்தாசலத்துல பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் பட்டறையில் என் மகள் கணக்கு எழுதுறாள். பிரசவத்துக்கு வந்தவள், "பிள்ளைய விட்டுட்டு எப்படிப்பா போறது, வேலைய விட்டுடறேன்"னு அழுதாள்.

பட்டறை கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் அப்படியே திறந்துவிட்டால் திருடனுக்கும் அதுதான் வாசல். அதனால மருமகன் வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் போட்டார். அதுக்குக் காசில்லை, மாறாத ஐபி முகவரிக்குத்தான் காசு. ரவுட்டரில் 51820 என்ற ஒரு போர்ட் மட்டும் திறப்பு. பொதுச் சாவியை மாத்திக்கலாம். ரகசியச் சாவி அந்தந்த மிஷினை விட்டு நகரக் கூடாதாம். பக்கத்துக் கொல்லைக்கு அடியில நம்ம போர் தண்ணி குழாய்ல போற மாதிரி, நடுவுல யாரும் மொள்ள முடியாது.

இப்போ கால் தூளியை ஆட்டுது, கை டேலியில் பில் போடுது. பட்டறையில் கரண்ட் போனாத்தான் வம்பு.