மாமா கத்திக்கு எந்தக் கடை?

திருக்கழுக்குன்றத்தில் பட்டறை வைத்திருக்கும் எங்க மாமா, மீன் கத்தியை லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிப்பார். கொக்கிலமேட்டு மீன்காரம்மா கூர்மேல் கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்க்கும். "வஞ்சிரம் தலை பொளக்குமா?" அவ்வளவுதான் பேரம்.

அந்தக் கத்தியை ஆன்லைனில் விற்கிறேன் என்று கிளம்பினேன். ஒரு பெரிய தளத்தில் போட்டோம். கமிஷன், கூரியர் போக, உலைக் கரிக்கான காசுதான் மிஞ்சியது. கோவைக்குப் போன கத்தி, 'துருப்பிடிக்குது' என்று திரும்பி வந்தது. பட்டை இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா? துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவணும். மீன்காரம்மாவுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

சட்டமும் படித்தேன். கத்தியின் அலகு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினால் ஆயுதக் கணக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. அதனால் விற்பனைப் படத்தில் கத்தியோடு மீனும் இருக்கும்.

 

இப்போது விற்பனை வாட்ஸ்அப்பில்தான். ஆர்டர் சொன்னவரிடம் முதல் கேள்வி: "என்ன மீன் வெட்டுவீங்க?" நெத்திலி என்றால் மாமா சிரித்துவிட்டு, "அதுக்கு எதுக்குய்யா கத்தி, நகமே போதும்" என்கிறார். ஒரு ஆர்டர் போச்சு.