வெண்கலப் பானையும் கிரிவலமும்

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட இந்த 22 வருஷமாக இருக்கிற வழக்கம்தான். முட்டிவலி வந்த பிறகு, மாதா மாதம் என்பது எப்போதாவது என்று ஆகிவிட்டது. ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்தேன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் கும்பிட்டு எம லிங்கம் வந்தபோதுதான் உறைத்தது, அதுவரை ஒரு தடவைகூட 'அருணாசலா' என்று மனசு சொல்லவில்லை. நடுவில் ரமணாசிரமத்தைத் தாண்டி வந்ததே தெரியவில்லை. மனசு பூராவும் என் மூத்த ஓரகத்திதான்!

காரணம், ஒரு வெண்கலப் பானை. "பொங்கப்பானை உனக்குத்தாண்டி" என்று மாமியார் தன் வாயால் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஓரகத்தி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஆச்சு, ஒன்பது வருஷம். "அவங்களை நான் தலைமுழுகியாச்சு" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் என் மகள் இந்தப் பொங்கலன்று, "பெரியம்மா பேச்சு இல்லாம நம்ம வீட்ல ஒரு பொங்கலாவது போயிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டாள். சுருக்கென்றது.

ஆசை வைப்பதுதான் பற்று என்று நாம் நினைக்கிறோம். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் விருப்பையும் வெறுப்பையும் ஜோடியாகத்தான், வழிமறிக்கும் எதிரிகள் என்கிறான். பாகவதத்தில் வரும் சிசுபாலனைப் பாருங்கள். கண்ணனைத் திட்டுவதே பிழைப்பாக இருந்தவன், அவனையே ஓயாமல் நினைத்து, கடைசியில் அவனிடமே போய்ச் சேர்ந்தான். அவன் வெறுத்தது பகவானை, தப்பித்தான். நான் எங்கே போய்ச் சேருவேன்? ஓரகத்தி வீட்டுச் சமையற்கட்டுக்கா? நடுரோட்டில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

1924-இல் ஆசிரமத்துக்குத் திருடர்கள் வந்து, ரமணரைத் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களை அவர் தடுத்துவிட்டார். அடித்தவனைக்கூட அவர் மனசில் சுமக்கவில்லை. இந்தக் கதையை ஊரிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்வேன், ரொம்ப உருக்கமாக! பானையை அவர் வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் கனத்தை மட்டும் நான் 14 கிலோமீட்டரும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அப்ப பானையைக் கேட்டு வாங்கிடட்டுமா?" என்றார். ஆண்களுக்கு எல்லாமே சாமான் கணக்குதான்.

அடுத்த வாரம் ஓரகத்தி மகளுக்கு வளைகாப்பு. மச்சினர் வந்து அழைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். ஓரகத்தியை முதலில் "அக்கா" என்று கூப்பிட வேண்டும், அந்த வார்த்தைதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அந்தப் பானையில்தான் சோறு வடித்திருப்பார்கள், பந்தியில் உட்கார்ந்தால் என் கண் நேரே அங்கேதான் போகும். போனால் போகட்டும் என்று புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.