புள்ளி இல்லாதவர்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவனிடம் கேட்பதற்கென்றே இரண்டு கேள்விகள் உண்டு: எப்ப வந்தீக, எப்பப் போறீக. 2024இல் போனபோது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. “நம்ம ஊரை மாநகராட்சியில சேக்கப்போறாகளாம். நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க.” லண்டன்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை. நான் இருப்பது லண்டனில் இல்லை, போல்டனில் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

காரைக்குடி 1928இல் நகராட்சியானது. 2024 ஆகஸ்டில் மாநகராட்சி. அதோடு கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும், சங்கராபுரம், கோவிலூர், இலுப்பக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளையும் சேர்ப்பதாகத் திட்டம் இருந்தது. அந்த ஐந்தில் ஒன்று எங்கள் ஊர். எது என்று சொல்ல மாட்டேன். என் மச்சான் ஊராட்சியில் வேலை பார்க்கிறான்; அவன் பேசியதையெல்லாம் எழுதப்போகிறேன்.

அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு நான் கிளம்பிய காலத்தில் ஊருக்கும் காரைக்குடிக்கும் நடுவே பொட்டலும் கருவேலமும்தான். இப்போது கல்யாண மண்டபம், டைல்ஸ் கடை, வரிசையாக மாடி வீடுகள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஊர் வந்ததே தெரியவில்லை, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். சேர்க்கத்தான் வேண்டும் என்று அந்த வெயிலில் திரும்பி நடக்கும்போதே தோன்றிவிட்டது. டவுன் குப்பை எங்கள் ரோட்டோரம் வந்து விழுகிறது. எங்கள் புது வீடுகளின் கழிவுநீருக்குப் போக்கிடம் இல்லை. இதையெல்லாம் ஒரு சின்ன ஊராட்சி தன் வரவில் தீர்க்கவே முடியாது. சம்பை ஊற்றுத் தண்ணீர் காரைக்குடிக்காரர்களுக்குப் பெருமை; அது நம் குழாயிலும் வந்தால் என்ன என்று இளவட்டங்கள் கேட்பதில் தப்பில்லை.

என் அயித்தையிடம் இந்தப் பேச்சு எடுபடவில்லை. நூறு நாள் வேலை அப்போது கிராமத்துக்கு மட்டும் இருந்தது. அந்த வருஷக் கூலி 319 ரூபாய். அளவெடுத்துக் குறைத்து அது முழுசாகக் கைக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம். “கம்மாய்க் கரையில நாலு பேரோட உக்காந்து எந்திரிச்சா ஒரு காசு வரும். மாநகராட்சி வந்தா அது போச்சு, வரி மட்டும் கூடும். நீ வந்து கட்டுவியா?” நான் வாயைத் திறக்கவில்லை.

போல்டனைப் பற்றிச் சொன்னேன், கேட்டதற்காக. கிரேட்டர் மான்செஸ்டரில் பத்து உள்ளூர் மன்றங்கள்; போல்டன் அதில் ஒன்று. 2011இல் பத்தும் கூடி ஒரு பொது ஆணையம் அமைத்தன. 2017 முதல் அதற்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர். பஸ், தீயணைப்பு, போலீஸ் மேற்பார்வை எல்லாம் அங்கே. தனியார் ஓட்டிய பஸ்களை 2023 செப்டம்பரில் ஆணையம் தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோது மஞ்சள் வண்டிகள் முதலில் ஓடியது போல்டனிலும் விகனிலும்தான். அதற்காகப் போல்டன் மன்றத்தைக் கலைக்கவில்லை. வாசலில் குப்பையை அள்ளுவது இன்றும் மன்றம். அள்ளியதை ஒழிப்பது ஆணையம். 1974இல் போல்டனோடு சேர்த்த ஹார்விச்சில் ஒரு சின்ன டவுன் கவுன்சில் இன்னும் கூடுகிறது. பணமெல்லாம் மான்செஸ்டருக்கே போகிறது என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. ஆனால் முணுமுணுக்க ஊருக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் செட்டிநாட்டில் இந்த இடம் யாருக்கு இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நகரத்தார் எனப்படும் செட்டியார் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளி வரி நகரக் கோயிலுக்குப் போகும். ரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் ஊரில் அவருக்குப் புள்ளி உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கோயில், ஊரணி, பள்ளிக்கூடம் என்று அந்தப் பணம் செய்த நல்லதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் வீடுகளில் சுண்ணாம்பு அரைத்த எங்கள் ஐயாவுக்குப் புள்ளி கிடையாது. எங்களைப் போன்றவர்கள் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டு எதிர்க்கேள்வி கேட்டது ஊராட்சியில்தான். சங்கராபுரத்தில் 2020 ஜனவரியில் தலைவர் பதவிக்கு அடுத்தடுத்து இரண்டு பேர் ஜெயித்ததாக அறிவித்து, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. வெளியூரார் சிரித்தார்கள். அந்த நாற்காலி அவ்வளவு பெரிது என்று எனக்குப் பட்டது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மச்சானோடு போனேன். வரவு செலவு வாசித்தார்கள். தெருவிளக்குச் செலவு வந்ததும் அயித்தை எழுந்தாள். “பல்பு மாத்துனதா எழுதியிருக்கீகளே, எங்க தெருவுல எந்தப் போஸ்ட்டுல மாத்துனீக?” கூட்டம் சிரித்தது. செயலர் நோட்டைப் புரட்டினார், தலைவரைப் பார்த்தார், நாளைக்கே போட்டுவிடுகிறோம் என்றார். பல்பு மூன்றாம் நாள் எரிந்தது. இணைப்பு வேண்டாம் என்றும் தீர்மானம் போட்டார்கள். கேட்டுக்கொள்ளலாம், அரசைக் கட்டுப்படுத்த அதனால் முடியாது.

நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று உண்டு என்றேன். மச்சான் சிரித்தான். அவன் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். காலையில் எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறக்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். தண்ணீர் தாமதமானால் வீட்டு வாசலில் வந்தே திட்டுவார்கள். “மாநகராட்சின்னா ஒரு போன் நம்பர் குடுப்பாக மச்சான். நம்பரை எப்படித் திட்டுறது?” அவன் வேலை நிலைக்குமா என்று கேட்டேன். பேச்சை மாற்றினான்.

குழாய், குப்பை, சாக்கடை, பஸ் இவற்றைச் சேர்க்கட்டும். சபையை விட்டுவைக்கட்டும் என்பது என் கட்சி. நம் சட்டத்தில் அதற்கு வழியில்லை: ஒரு ஊர் ஊராட்சியாக இருக்கலாம், அல்லது வார்டாகலாம். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அதே புத்தாண்டில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வெளியானது. பல மாவட்டங்களில் மறியல். போல்டனில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். முன்வரிசையில் எல்லாம் அயித்தை வயசுப் பெண்கள்.

அந்தத் தடவை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் வீட்டு வரி கட்டப் போயிருந்தேன். ரசீது இன்னும் அப்பா பேரில். “இப்பவே உங்க பேருக்கு மாத்திக்கங்கண்ணே, அப்பறம் காரைக்குடிக்கு அலையணும்” என்றார் செயலர். மனுக் கொடுத்தேன். வாரிசுச் சான்று வேண்டும் என்றார். அதற்குத் தாலுகா ஆபீசுக்கு, காரைக்குடிக்குத்தான் போக வேண்டும்.