முற்றத்துத் தகரம்

செப்டம்பர் 27, சனி

ராத்திரி பெய்த அரைமணி மழைக்கே முற்றத்தின் தென்பக்கத் தகரம் ஒரு முனையில் கழன்று தொங்குகிறது. கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீடுகளில் நாலு சரிவும் உள்ளே முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்கும். ஓரத்தில் மழைநீரை வாங்கி ஓட்டும் தகரம் போனால் அத்தனை தண்ணீரும் தாழ்வாரத்துக்குத்தான். அரிசி மூட்டைவரை ஈரம். "இன்னும் ஐப்பசியே பிறக்கலை" என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு மாமா சிலிக்கான் ட்யூப் வாங்கி அப்பச் சொன்னார். இந்த ஊரில் எல்லா நோய்க்கும் இப்போது அதுதான் மருந்து.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தகரத்தில் ஓட்டை இல்லை. கொக்கியை அடித்திருந்த ஆணி, விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. கைமர நுனி உளுத்து மாவாகக் கொட்டுகிறது. தகரத்துக்குள் வேப்பிலைச் சருகும் ஓட்டுத் தூளும் மக்கி மண்ணாகி, அதில் ஓர் அரசங்கன்று வேறு.

கணக்குப் போட்டேன். நாலு அங்குல அகலம், நாலு அங்குல ஆழம். அடைத்துக்கொண்டு தண்ணீர் நிறைந்தால் பத்தடி நீளத்தில் சுமார் 31 லிட்டர். எடையும் அதே 31 கிலோ. ஈர மண் இருந்தால் அதற்கும் மேல். கொக்கியோ நாலடிக்கு ஒன்று. இத்தனை வருஷம் நின்றதே பெரிய விஷயம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தகர வேலைக்காரர் வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே, "தகரத்து மேல தப்பில்லைங்க. பிடிமானம் போயிடுச்சு. ஆசாரியைக் கூப்பிட்டு மரத்தைப் பாருங்க, அப்புறம் நான் வரேன்" என்றார். கூலி கிடைக்கிற வேலையைத் தள்ளிப்போட்டுச் சொன்னதால் அவர் பேச்சை நம்பலாம் என்று பட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுத்தியலும் திருப்புளியும் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் இருக்கின்றன. ஏணிக்கும் பொட்டு.

அக்டோபர் 4, சனி

ஆசாரி உளுத்த நுனிகளை நல்ல மரம் தட்டுப்படும்வரை அறுத்துவிட்டு, பக்கவாட்டில் தேக்குத் துண்டை அணைத்துப் போல்ட் போட்டார். பழைய ஆணித் துளை எதையும் தொடவில்லை; அகன்ற துளையில் எதை அடித்தாலும் கழன்றுதான் வருமாம். இனி ஆணி வேண்டாம், திருகாணி. கொக்கி இரண்டடிக்கு ஒன்று.

மச்சினர் போனில் பி.வி.சி.க்கு மாறச் சொன்னார். துரு இல்லை, வாஸ்தவம். ஆனால் அது வெயிலில் நீளும்: மூன்று மீட்டர்த் துண்டு, 30 டிகிரி சூடு ஏறினால் ஐந்தாறு மில்லிமீட்டர். நீள இடம் விடாமல் பசை போட்டு இறுக்கினால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். அவர் வீட்டிலேயே அதுதான் நடந்தது. அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தகர வேலைக்காரர் வந்தார். இன்றைக்குத்தான் வேலை ருசித்தது. டியூப்பில் தண்ணீர் ஊற்றி இரு முனையிலும் மட்டம் பார்த்து, நூல் கட்டி, அதன்படி கொக்கிகளைத் திருகினார்கள். வாட்டம் பத்தடிக்கு இரண்டு நூல். எங்கள் இருபதடிப் பக்கத்துக்கு அரை அங்குலம். கண்ணுக்குச் சரிவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ரொம்பச் சரித்தால் தாழ்ந்த முனையில் ஓட்டு நுனிக்கும் தகரத்துக்கும் இடைவெளி விழுந்து, தண்ணீர் தாண்டிக் குதித்துவிடும்.

துண்டுகளைச் சேர்க்கும்போது மேட்டுப்பக்கத் தகரம் மேலே, பள்ளத்துப் பக்கம் அடியில். மாற்றி வைத்தால் இணைப்பு தண்ணீரை வாய் பிளந்து வாங்கும். சுரண்டி, திராவகம் தடவி, கரியடுப்பில் பழுக்காமல் சுட்ட செம்புக் கட்டையால் ஈயம் ஓட்டினார். அந்தப் புகை நெடியில் அம்மா சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சிலிக்கான் எங்கே என்று மாமா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 6, திங்கள்

மேட்டு முனையில் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். நடுவில் ஓரிடத்தில் விரல் ஆழம் தேங்கியது. அடுத்த கொக்கியைக் கொஞ்சம் வளைத்துத் தாழ்த்தியதும் ஓடிவிட்டது. இறங்கு குழாய் கிணற்றடிக் குழிக்குப் போகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது வெட்டியது. அதையும் தூர்வார வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

நல்ல மழை. தென்பக்கம் அசையவில்லை. ஆனால் தென்கிழக்கு மூலையில், இரண்டு சரிவும் சேரும் கூடல்வாயில், தகரம் நிரம்பி வழிந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அந்த மூலைக்கு வந்து சேரும் கூரை நாற்பது சதுர மீட்டர் இருக்கும். ஒரு மணியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர் இறங்கும். இரண்டரை அங்குலக் குழாய் வாயில் சருகும் சேர்ந்தால் என்ன செய்யும்? நாலு அங்குலக் குழாயும் வாயில் கம்பி வலையும் போடச் சொல்லித் தகர வேலைக்காரருக்குப் போன் செய்தேன். தீபாவளி கழித்து வருகிறாராம். அதுவரை மூலையில் அண்டா.