நாலாயிரம் ஹெர்ட்ஸ்

நல்ல காது விலை உயர்ந்த ஹெட்ஃபோனோடு சேர்ந்து வருவதில்லை. கேட்பதைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வி.எஸ். நரசிம்மனின் வயலினை மறந்துவிட்டு, அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை வயலின். மூன்றாவது தடவை, ஒரு சுரம் நின்றபிறகு அதன் ரீங்காரம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று மட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலம் போகிற ஊர் இல்லை, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற ஊர். புரட்டாசி சனிக்கிழமைகளில் அங்கே குழாய் கட்டுவார்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கூம்புக் குழாயால் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கவே முடியாது. ஆனாலும் மேல்மடங்குகள் கொஞ்சம் தப்பி வந்தால் போதும், விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். பாதிப் பாட்டை நாம்தான் வாசிக்கிறோம்!

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருடைய செவிப் பரிசோதனை வரைபடத்தைப் பார்த்தேன். 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் விழுந்துவிட்டது. நம் காதுக் குழாய் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை இயல்பாகவே பெருக்கி உள்ளே அனுப்பும். அதனால் இரைச்சல் முதலில் தின்பது அதற்குச் சற்று மேலே இருக்கிற பகுதியைத்தான். ச, ஸ போன்ற மெய்கள் வாழ்கிற வட்டாரமும் அதற்கு மேல்தான். உயிரெழுத்துகள் கீழே பத்திரமாக இருக்கும். "சத்தம் கேக்குதுப்பா, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல" என்று அப்பா சொல்வது அவ்வளவு துல்லியமான விவரணை.

நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு வரம்பு 90 டெசிபல். அமெரிக்காவின் நியாஷ் பரிந்துரைப்பது 85. வெறும் ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். ஐந்து என்றால் மூன்று மடங்குக்கும் மேல்.

இப்போது அப்பாவிடம் கத்திப் பேசுவதில்லை. கத்தினால் உயிரெழுத்துதான் பெருக்கும். எதிரில் உட்கார்ந்து, வாய் தெரிய, மெய்களை நிறுத்திச் சொல்கிறேன். அவர் டிவியில் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிவைத்திருக்கிறேன். பாட்டு போட்டால் அவர் பிடிப்பது பேஸைத்தான். "அடியில ஒருத்தன் தனியாப் பேசிக்கிட்டே போறான் பாரு" என்பார். எனக்கு அது மூன்றாவது தடவையில்தான் கேட்கும்.

காதுக்குள் இருக்கிற மயிர்ச் செல்கள் போனால் மறுபடி முளைக்காது. பயிற்சியெல்லாம் இருப்பதை வைத்துத்தான். இயர்பட்ஸ் வால்யூமை இரண்டு படி குறைத்துவிட்டு அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள்.