பெயிண்டையும் கொஞ்சம் பாருங்கள்!

சங்கரன்கோவிலில் புது கார் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது ராகு காலம். ஷோரூமில் சாவி வாங்கி, போட்டோ எடுத்து, நேராக சங்கரநாராயணர் கோவில் முன் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. அதற்கடியில் பெயிண்டை யார் பார்த்தது?

அமெரிக்காவின் அலபாமாவில் ஐரா கோர் என்ற டாக்டர் 1990-ல் 40,750 டாலர் கொடுத்துப் புது பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, பாலிஷ் போடுபவர் சொல்லித்தான் அது மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி என்றே தெரிந்தது. விலையில் 3 சதவீதத்துக்குள் முடிகிற ரிப்பேரை டீலரிடம்கூடச் சொல்வதில்லை என்பது கம்பெனியின் வழக்கமாம்! ஜூரி 40 லட்சம் டாலர் அபராதம் போட்டது. மாநில நீதிமன்றம் அதைப் பாதியாக்க, 1996-ல் உச்ச நீதிமன்றம் அதுவும் ரொம்ப அதிகம் என்றது. கடைசியில் கிடைத்தது 50,000.

தொழிற்சாலையில் வெறும் பாடியை சுமார் 140 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை வொர்க்‌ஷாப்பில் அப்படிச் சுட முடியாது. கம்பெனி பெயிண்டின் கனம் ஒரு தாள் அளவு, சுமார் 100 மைக்ரான்தான். மேலே அடித்தால் கூடிவிடும், அளக்கும் கருவி காட்டிக்கொடுக்கும். கருவி இல்லையா? கழுவிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சாய்ந்து பாருங்கள். நிழல் நெளிகிறதா, கதவு ரப்பரில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா? (பம்பர் பிளாஸ்டிக், நிறம் லேசாக மாறலாம்.)

இதெல்லாம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, யார்டிலேயே. நம்பர் விழுந்துவிட்டால் "பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்" என்பதோடு சரி. ராகு காலத்தில் போனாலும் குற்றமில்லை, பார்க்கத்தானே போகிறீர்கள்!