அஷ்டமியில் இறகுத் தூண்டில்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள பாசிர் கூடாங் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில், 1977-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும், அதன் பின்னே வரிசையாக நிற்கும் செம்பனை எண்ணெய்க் கொள்கலங்களும், இரவு பகல் பாராது ஓடும் ஆலைகளும், பிரசித்தி பெற்ற பட்டத் திருவிழாவும் நினைவுக்கு வருமேயன்றி, கோழி இறகை முள்ளில் கட்டி மீனை வசீகரிக்கும் ஒரு சூட்சுமமான வித்தை அவ்வூரின் அருகே உயிரோடு இருக்கிறதென்பது எளிதில் தோன்றாது. மாசாய்ப் பக்கத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றில், எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இவ்வித்தையில் தேர்ந்தவர் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டு, அவரைத் தேடிப் போனேன்.

வீட்டு முன்கூடத்தில், மேசை விளிம்பில் பொருத்திய சிறு இடுக்கியின் வாயில் முள்ளைக் கவ்வக் கொடுத்துவிட்டு, மெழுகிட்ட நூலால் அதன் தண்டைச் சுற்றி, இரு பக்கமும் ஈயக் கண்களை வைத்து இறுக்கி, வெள்ளைச் சேவலின் கழுத்திறகை நீளவாக்கில் படிய வைத்து, மேலே மினுக்கிழை இரண்டொன்று சேர்த்துக் கட்டி, முடிச்சின்மேல் பசை தடவி அவர் நிமிர்ந்தபோது, இடுக்கியில் இருந்த பொருள் உலர்ந்த நிலையில் எனக்கு எந்தப் பிராணியையும் நினைவூட்டவில்லை என்பதே உண்மை. பெரியவர் சிரித்து, அருகிலிருந்த வாளித் தண்ணீரில் அதை முக்கி மெல்ல இழுத்துக் காட்டினார். இறகுகள் ஒடுங்கி, உடல் நெளிந்து, தலை தாழ்ந்து எழும்பி, அடிபட்ட சிறுமீன் ஒன்று பிரத்யட்சமாயிற்று. ஈயக் கண் வைத்துக் கட்டும் இந்த உபாயத்தை 1980-களில் அமெரிக்காவின் சஸ்குவஹானா நதிக்கரையில் பாப் கிளௌசர் என்பவர் பிரபலமாக்கினார். பெரியவர் அதைப் புத்தகத்தில் கற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் தொலைத்துவிட்டுப் போன முள்ளைப் பிரித்துப் பார்த்துக் கற்றார். இந்த வித்தை நம்மவர் பிரதேசத்துக்கு முற்றிலும் புதிதும் அன்று; சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-இலேயே இந்தியத் தூண்டிற்கலை பற்றி 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு நூல் எழுதி வெளியிட்டிருக்கிறார்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனமே தங்கூசியைத் தூரத்துக்கு இழுத்துச் செல்லும். இறகு முள்ளுக்கோ அத்தகைய கனம் கிடையாதாதலால், கனம் முழுவதையும் தடித்த நூலிலேயே ஏற்றி, நெடிய கழியைப் பின்னும் முன்னுமாக வீசி, நூல் பின்புறம் முழுதும் நீண்டு நிமிர்ந்த கணத்தை மணிக்கட்டால் உணர்ந்து, அதே கணத்தில் முன்னோக்கிச் செலுத்த வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் நூல் குவியலாகக் காலடியில் விழும். அமெரிக்கக் கீழைக் கடலோரத்தில் 'ஸ்டிரைப்ட் பாஸ்' என்ற கோடிட்ட மீன், இளவேனிற் காலத்தில் கடலை விட்டு ஹட்சன் முதலிய நதிகளில் ஏறி முட்டையிட வரும்போது, அங்குள்ளோர் இப்படித்தான் அதற்காக நதிக்கரையில் நிற்கிறார்கள். நம் பக்கத்து மீன் இதற்கு நேர் விரோதமான ஸ்வபாவம் உடையது. மலாய்க்காரர் சியாக்காப் என்றும் தமிழகக் கடற்கரையில் கொடுவா என்றும் வழங்கும் அது, ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல்முகத்துக்கு இறங்குகிறது. அதன் செவுள் மூடியின் கூரிய விளிம்பு மெல்லிய நூலைக் கணத்தில் அறுத்துவிடுமாதலால், முள்ளுக்கு முன்னே ஒரு முழம் தடித்த தங்கூசி கட்டாயம்.

ஜோகூருக்கு இளவேனில் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுமுன் வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களே அதற்குப் பதில். ஆனால் மாதத்தைவிட நாளே முக்கியம் என்று சொல்லிப் பெரியவர் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைக் காட்டினார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகிச் சேற்றைக் கலக்கிவிடுவதால் மீன் இறகைக் காணாது. அஷ்டமி, நவமியில் ஏற்றவற்றம் அடங்கி நீர் தெளியும். "நல்ல காரியத்துக்கு ஆகாத நாளுதான் சார் இதுக்கு நல்ல நாளு. அன்னிக்கு யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டாங்க, வீட்டுலயும் சண்டை இல்லை" என்றார். அவரை ஆற்றுக்கு அழைத்துச் செல்லும் படகோட்டி ஹிஜ்ரி மாதத்தின் நாளை எண்ணுகிறார். கேலோங் என்னும் கடல்மேல் மீன்பிடி மேடை வைத்திருக்கும் சீனர் தம் சாந்திரமான நாட்காட்டியைப் பார்க்கிறார். மூவரும் ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள்.

அவ்வாறு வந்த ஓர் அஷ்டமியன்று கொங் கொங் படகுத் துறையிலிருந்து ஜோகூர் ஆற்றில் இறங்கினோம். 1587-இல் போர்த்துக்கேயர் அழித்த பழைய தலைநகரான ஜோகூர் லாமா இவ்வாற்றின் கிழக்குக் கரையில்தான் இருந்தது; இன்று ஆற்றின் குறுக்கே, 500 மீட்டர் நடுப்பாட்டத்துடன் 2011-இல் திறக்கப்பட்ட செனாய்-டெசாரு நெடுஞ்சாலைப் பாலம் நிற்கிறது. இவற்றில் எதையும் படகோட்டி ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் ஓராங் செலேத்தார் இனத்தவர். தெப்ராவ் நீரிணையில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த மரபினர். கண்டற்காட்டுக்கு வெகு தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தி, கழியை ஊன்றிச் சத்தமின்றிப் படகை நகர்த்தி, வற்றம் இறங்கும் சிற்றோடை ஒன்றின் வாயில் கலங்கல் நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோட்டை ஒரு விரலால் சுட்டினார். ஓடைக்குள்ளிருந்து வெளிவரும் இறாலையும் சிறுமீனையும் எதிர்பார்த்துக் கொடுவா அக்கோட்டின் நிழற்பக்கத்தில் நிற்குமாம். பெரியவர் வீசிய இறகு அங்கே விழுந்து, இரண்டு இழுப்பு இழுத்ததும், வாயை அகலத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும் அம்மீனின் 'தொப்' என்ற ஓசை கேட்டது. எத்தனை அருமையாக வீசினாலும் விரல் சுட்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்த இறகை எதுவும் தீண்டவில்லை என்பதையும் கவனித்தேன். இவ்வித்தையில் பாதிக்கு மேல் அந்த விரலில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் மீனோடு எடுக்கும் படங்களில் கழி பிடித்தவர் முகமே காணப்படுகிறது.

நடுத்தரமான மீன் ஒன்று அசாம் பெடாஸ் குழம்புக்கென்று படகில் தங்கிற்று. கை நீளத்துக்குக் கிடைத்த மற்றொன்றைப் பெரியவர் நீரிலேயே முள் கழற்றி விட்டார். கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் ஜாதி; ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்களே. கோடிட்ட மீனிலும் பெரியவை பெண்களே. அவ்வினம் க்ஷீணித்தபோது மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே தடைசெய்தது. இங்கே பெரிய மீனை விடுவது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது.

திரும்பும் வழியில் 2019 மார்ச்சைப் பற்றிப் பேச்சு வந்தது. பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவின் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போக, 111 பள்ளிகள் மூடப்பட்ட மாதம் அது. அதுவரை பேசாமல் வாங்கிக்கொண்டு போனவர்கள், பிறகு எந்த ஆற்று மீன் என்று விசாரித்தே வாங்கத் தொடங்கினார்கள் என்று படகோட்டி சொன்னார். பெரியவர் அதைத் தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, தாம் இருந்த ஆலையின் கழிவுத் தொட்டியைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார்.

தாமும் இறகு முள்ளைப் பயன்படுத்துவதுண்டா என்று படகோட்டியைக் கேட்டேன். வேண்டியதில்லை, உயிர் இறாலே போதும், இறகெல்லாம் சம்பளக்காரர்களுக்கு என்றார். பெரியவர் உரக்கச் சிரித்து, அடுத்த நவமிக்குப் படகு காலியாக இருக்குமா என்று கேட்டார். அன்றைக்குச் சிங்கப்பூர்க்காரர் முன்பணம் கொடுத்துவிட்டாராம். மறுநாள் வேண்டுமானால் வரலாம், ஆனால் நீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும் என்றார்.